கடைசிப் படியில் ஒரு பெயர்

அந்தோணியம்மாளுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது அவள் கருவாடு விற்கும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் யாருக்கும் ரகசியம் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். பஸ் போர்டு, ரேஷன் அட்டை, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கொடுக்கும் பாட்டுத்தாள், அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் கோழி கிண்டிய மண்ணைப் பார்ப்பது போல இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு இங்கிலீஷ் சார்ட்டைத் தன் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டு, தெருவில் போனவர் வந்தவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள் என்றால் எவ்வளவு பெருமை இருந்திருக்க வேண்டும். பின்னால் அதை நினைத்தபோதெல்லாம் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல வந்தது அவளுக்கு.

சார்ட்டை எழுதியவள் அவள் மகள் ஜெர்லின். தொண்ணூற்றாறாம் வருஷம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அவள் கையெழுத்து அச்சு அடித்ததுபோல் இருக்கும். ஆனால் நல்ல கையெழுத்துக்கு யார் மார்க் போடுகிறார்கள்? இங்கிலீஷில் முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் பிள்ளைக்கு மூச்சு வாங்கிவிடும். ஆனாலும் பள்ளியில் எந்த சார்ட் எழுத வேண்டும் என்றாலும் சண்முகசுந்தரி டீச்சர் அவளைத்தான் கூப்பிடுவார்.

சண்முகசுந்தரி டீச்சர் இங்கிலீஷ் எடுப்பவர். ஒரு காலத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் ஏகப்பட்ட வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போய்விட்டது, அந்த நடை மட்டும் போகவில்லை. அவர் மகள் பிருந்தாவும் ஜெர்லின் வகுப்புதான். டீச்சர் பாடம் நடத்துவதில் ஒரு தனி வழக்கம் வைத்திருந்தார். இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டு சொல்லும்போது ராமன், சீதை என்று சொல்ல மாட்டார். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பெயரையே போடுவார். சொந்தப் பெயரைக் கேட்டால்தான் பாடம் மனதில் ஒட்டும் என்பார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரிகள் இதைப் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் சேரன்மகாதேவியில் நடக்கப்போகும் மாவட்டக் கண்காட்சிக்கும் அந்த முறையிலேயே ஒரு சார்ட் என்று முடிவானது.

சனிக்கிழமை முழுக்க ஜெர்லின் தரையில் குப்புறப் படுத்து எழுதினாள். மஞ்சள் சார்ட்டில் நாலு ஏணி. ஒவ்வொரு ஏணிக்கும் மூன்று படி.

"என்னட்டி இது, வெள்ளையடிக்க ஆள் வரப்போவுதா? ஒரே ஏணியா இருக்கு" என்றாள் அந்தோணியம்மாள்.

"இது வேலையை எப்படிச் செய்யுதாங்கன்னு சொல்லுத வார்த்தைம்மா. மூணு படி உண்டு. ஒருத்தி வேகமா ஓடுதா. இன்னொருத்தி அவளைவிட வேகமா ஓடுதா. மூணாவது ஒருத்தி எல்லாரையும்விட வேகமா ஓடுதா. ஃபாஸ்ட், ஃபாஸ்டர், ஃபாஸ்டஸ்ட்."

"நாம கருவாட்டை மூணு தரமாப் பிரிக்கோம்லா, அது மாதிரியா?"

ஜெர்லின் தலையைத் தூக்கிச் சிரித்தாள். "கருவாடு பொருள்லா. இது செய்யுத செயலுக்கு. சின்ன வார்த்தைன்னா பின்னால வால் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிடும். நீளமான வார்த்தைன்னா முன்னால மோர், மோஸ்ட்னு வரும். சிலது ரெண்டுக்கும் அடங்காம ஆளே மாறிப்போவும். வெல், பெட்டர், பெஸ்ட்."

அந்தோணியம்மாளுக்கு இது புரிந்தது. புரிந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இங்கிலீஷ் இலக்கணத்தைப் புரியவைக்கிற பிள்ளைக்கா இங்கிலீஷ் வரவில்லை என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

மை காயட்டும் என்று சாயங்காலம் சார்ட்டைச் சுவரில் மாட்டினார்கள். பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா வந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், என்ன எழுத்து" என்று கன்னத்தில் கை வைத்தாள். பால்காரர் பார்த்தார். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா பார்த்தார். ஒருத்தருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. எல்லாரும் அழகு, அழகு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து கெவின் வந்தான். அந்தோணியம்மாளின் அக்கா மகன். துறைமுகத்தில் கப்பல் கம்பெனி ஒன்றில் டைப் அடிக்கிறவன். அவள் வீட்டுக்காரர் இன்னாசியும் அங்கேதான் சரக்கு ஏற்றி இறக்குகிறார், பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவார். இந்த வாரம் அவர் வரவில்லை. ஜெர்லின் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"ஏலே கெவின், நீதான் படிச்சவன். இதை வரி விடாம வாசிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லு" என்றாள்.

கெவின் சோற்றுக் கையோடு எழுந்து போய் வாசித்தான். முதல் ஏணியில் ஓட்டம். இரண்டாவதில் பாட்டு; விஜயஸ்ரீ எல்லாரையும்விட இனிமையாகப் பாடுகிறாள். மூன்றாவதில் படிப்பு, பிருந்தா எல்லாரையும்விட நன்றாகப் படிக்கிறாள். நாலாவது ஏணிக்கு வந்தவன், "அவ்வளவுதான் சித்தி, நல்லா எழுதியிருக்கா" என்று திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"நாலாவது?"

"அதுவும் அதே மாதிரிதான்."

"அதே மாதிரின்னா சொல்லுததுக்கு என்ன?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்தோணியம்மாள் தட்டைப் பிடுங்கி நகர்த்தி வைத்தாள். அதற்கு மேல் அவனால் மழுப்ப முடியவில்லை.

"ஒரு பையன் மோசமாப் படிக்கான். அவன் கூட்டாளி அவனைவிட மோசமாப் படிக்கான்." நிறுத்தினான். "ஜெர்லின்தான் எல்லாரையும்விட மோசமாப் படிக்கா. அப்படிப் போட்டிருக்கு சித்தி."

அவள் எழுந்து போய் அந்த வரியைப் பார்த்தாள். மற்ற பெயர்களைப் போலவே அதுவும் பச்சை மையில், ஒரு எழுத்துகூடக் கோணாமல் இருந்தது. பாத்திமாவும் பால்காரரும் வீட்டுக்காரம்மாவும் இதைத்தானே அழகு என்றார்கள். கூப்பிட்டு நிறுத்திக் காட்டியவள் தான்தானே.

ஜெர்லின் குடத்தை இறக்கி வைப்பதற்குள், "இது யாரு பேரு?" என்று கேட்டாள். பிள்ளை குடத்தைச் சுவரோரம் இறக்கினாள்.

"உன் கையால நீயே எழுதியிருக்க. டீச்சர் எழுதச் சொன்னாங்களா?"

"சார்ட் அவங்கதான் எழுதச் சொன்னாங்க."

"இந்தப் பேரை?"

ஜெர்லின் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தோணியம்மாள் ஓங்கி ஒரு அறை விட்டாள். கெவின் குறுக்கே வந்து விழுந்தான். மகளை அடித்ததில் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்கு ஆனது. தப்பான ஆளை அடித்துவிட்டோம் என்று கை எரியும்போதே தெரிந்தது.

"நாளைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு வாரேன். அந்தம்மாகிட்ட நேரே கேக்கேன்" என்று சார்ட்டைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

"நீ வராதம்மா" என்றாள் ஜெர்லின். அதைத்தான் அன்றைக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னாள். வராதம்மா, நீ வராதம்மா. கருவாட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போக வெட்கப்படுகிறாள் என்று அந்தோணியம்மாள் எடுத்துக்கொண்டாள். அந்தக் கோபமும் பழைய கோபத்தோடு சேர்ந்தது.

திங்கட்கிழமை காலையில் சரக்கு எடுக்க மார்க்கெட்டுக்குப் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்பினாள். பரணில் சார்ட் இல்லை. பிள்ளையும் இல்லை. அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கேட்டில் இருந்த வாட்ச்மேன், "சேர்மாதேவிக்கு வேன் ஏழு மணிக்கே போயிட்டு தாயி" என்றார்.

மாவட்டம் முழுக்க வந்து பார்க்கப் போகிறது. ராதாபுரத்திலிருந்து வருகிற பிள்ளையும் சங்கரன்கோவிலிலிருந்து வருகிற பிள்ளையும் வாய்விட்டு வாசிக்கும், ஜெர்லின்தான் எல்லாரிலும் மோசம் என்று. அதற்குள் அந்தப் பெயரை எடுத்தாக வேண்டும். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. அன்றைய வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஜங்ஷனுக்குப் போய் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் உருண்டுகொண்டே போனது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது. இரண்டு பக்கமும் கார் பருவத்து நெல் அறுப்புக்குத் தயாராக நின்றதை அவள் பார்க்கவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மா, "யாரையாவது ஏசுதியளா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல. இனிமேதான்" என்றாள் அந்தோணியம்மாள்.

கண்காட்சி ஒரு பள்ளி ஹாலில் நடந்தது. வாசலில் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று துணி கட்டியிருந்தார்கள். உள்ளே தெர்மோகோல் இதயம், அட்டைக் கோவில், பல்பு எரியும் அணை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு கழற்றாமலே போனாள். மஞ்சள் சார்ட் எதிர்ச்சுவரில் நல்ல வெளிச்சத்தில் தொங்கியது. அதன் ஒரு பக்கம் பிருந்தா கையில் குச்சியோடு நின்றாள். இன்னொரு பக்கம் ஜெர்லின். முன்னால் பட்டுச்சேலையில் சண்முகசுந்தரி டீச்சர், கழுத்தில் பேட்ஜ் மாட்டிய ஓர் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவைப் பார்த்ததும் ஜெர்லின் முகம் வெளிறிப்போனது.

"டீச்சர், நான் ஜெர்லின் அம்மா."

டீச்சர் திரும்பினார். மூக்கு ஒரு தடவை சுருங்கியதை அந்தோணியம்மாள் கவனித்தாள். "என்னம்மா இது? எதுன்னாலும் நாளைக்கு ஸ்கூலுக்கு வா. ஐயா பாத்துக்கிட்டிருக்காங்க."

"ஐயாவும் இருக்கட்டும். கீழ எம் மக பேரு இருக்கு. அதை எடுக்கணும்."

டீச்சர் சார்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? அது சும்மா எடுத்துக்காட்டும்மா. இலக்கணம் புரியணுங்கிறதுக்காகப் போடுறது. நெசம்னு எடுத்துக்கிடக் கூடாது."

"சும்மாதானா?"

"சும்மாதான்."

"அப்ப உங்க மக பேரை அங்கன போடுங்க. எம் மக பேரை மேல போடுங்க. ரெண்டும் சும்மாதானே."

பிருந்தாவின் கையிலிருந்த குச்சி தாழ்ந்தது. டீச்சரின் சிரிப்பு நின்றது. "அவ வகுப்புலயே முதல் ரேங்க் வாங்குற பிள்ளம்மா. அவ பேரை எப்படி அங்க போட?"

"அப்ப எடுத்துக்காட்டு இல்ல. நெசம்." அந்தோணியம்மாளின் குரல் ஏறியது. பக்கத்து ஸ்டாலில் தெர்மோகோல் இதயத்தை விளக்கிக்கொண்டிருந்த பையன் வாயை மூடிவிட்டான். "மேல இருக்கிறது நெசம்னா கீழ இருக்கிறதும் நெசந்தான். உங்க வீட்டுப் பிள்ளைக்கு நெசமாவும் எங்க வீட்டுப் பிள்ளைக்குச் சும்மாவும் ஒரே தாள்ல எப்படி டீச்சர் எழுதுவிய? கருவாட்டைத்தான் நான் மூணாப் பிரிச்சுப் போடுவேன். அதுலகூட மட்டமானதுக்குப் பேரு எழுதி மாட்ட மாட்டேன். இந்த மூணு படியையும் எனக்கே புரியும்படி சொல்லித் தந்தவ இவ. எனக்கு! இவளா எல்லாரையும்விட மோசம்?"

அதிகாரி, "அம்மா, கொஞ்சம் பைய பேசுங்க" என்றார். பிறகு சார்ட்டைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது போலிருந்தது.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. மேலதிகாரி முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்கப்படும் பழக்கம் அவருக்கு இல்லை. "நான் ஒண்ணும் இவ பேரை எழுதச் சொல்லல. ரஃப் தாள்ல மத்த பேரெல்லாம் நான் எழுதினேன். அந்த ஓர் இடத்தைக் காலியா விட்டு, யார் பேராவது போட்டுக்கோன்னேன். இவளா எழுதினா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

டீச்சரின் பேச்சில் "நீ" போய் "ங்க" வந்திருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அந்தோணியம்மாள் இல்லை. மகள் பக்கம் திரும்பினாள்.

"நெசமாட்டி?"

ஜெர்லின் தலையசைத்தாள்.

"ஏன் எழுதுன? வகுப்புல அம்பது பேரு இருக்காங்களே. உனக்கு உன் பேருதான் கிடைச்சுதா?"

ஜெர்லின் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு டீச்சரையோ அதிகாரியையோ பார்க்காமல், அம்மாவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேற யாரு பேரைப் போட்டாலும் அவங்க வீட்டுல இருந்து கேக்க வருவாங்கம்மா. போன வருசம் ஒரு பிள்ள பேரைப் போட்டதுக்கு அவங்க அப்பா வந்து சத்தம் போட்டாரு. நம்ம வீட்டுல இருந்துதான் யாரும் வர மாட்டாங்க. அதான்."

அந்தோணியம்மாள் மனதுக்குள் எண்ணினாள்.

ஆறாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து நாலு வருஷம். பெற்றோர் கூட்டத்துக்கு எத்தனை கடிதம் வந்திருக்கும். ஒன்றுக்கும் அவள் போனதில்லை. வியாபாரம் கெடும் என்று சொல்லிக்கொள்வாள், அது பொய். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் தன்மேல் கருவாட்டு வாடை இருக்கிறது, அதோடு போய் நின்றால் நாளைக்குப் பிள்ளையைக் கேலி செய்வார்கள் என்று பயந்து போகாமல் இருந்தாள். இன்னாசி ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார், முடிந்தது. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த வாசலை அவள் மிதிக்கவில்லை. பிள்ளை அதை வேறு மாதிரி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. எனக்குக் கேட்க ஆளில்லை, அதனால் கடைசிப் படியில் நான் நிற்கலாம்.

பிறகு கோபம் திரும்பி வந்தது. இந்தத் தடவை அது சத்தமாக வரவில்லை. சார்ட்டின் வலது மூலையைக் காட்டினாள். அங்கே, வீட்டில் மாட்டியிருந்தபோது இல்லாத ஒரு டிக் சிவப்பு மையில் இருந்தது, பக்கத்தில் ஒரு கையெழுத்து.

"இந்தச் சரி யாரு போட்டது டீச்சர்?"

டீச்சர் அந்த டிக்கைப் பார்த்தார்.

"எழுதுனது எம் மக. சின்னப் பிள்ள, அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீங்க கடைசி வரி வரைக்கும் வாசிச்சுத்தானே சரி போட்டிய. ஒரு எழுத்து தப்பா இருந்தா அடிச்சுத் திருத்தியிருப்பிய. இந்தப் பேரு உங்களுக்குத் தப்பாப் படலையே."

பிருந்தா தன் அம்மாவைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியே இருந்தது. அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சார்ட்டைக் கழட்டிரச் சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம். எம் மக ஒரு நாளு முழுக்க எழுதுனது. தொங்கட்டும்."

யாரோ மேஜைமேல் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பில் முந்தானை நுனியை நனைத்தாள். ஸ்கெட்ச் பேனா மை, தண்ணீர் பட்டதும் பச்சையாகக் கரைந்து ஓடியது. விடாமல் தேய்த்தாள். பெயர் போனது, பிறகு மஞ்சள் போனது, கடைசியில் தாளே பொத்துக்கொண்டு பின்னால் சுவர் தெரிந்தது.

"வாக்கியம் பாதியில நிக்குதே" என்றார் டீச்சர், யாரிடமோ சொல்வது போல.

"நிக்கட்டும்" என்றார் அதிகாரி. பேட்ஜை நேராக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

அந்தோணியம்மாள் மகள் கையைப் பிடித்தாள். "வா, போவோம்."

"சாயங்காலம் வரைக்கும் சார்ட் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்" என்றார் டீச்சர். குரலில் பழைய அழுத்தம் இல்லை.

"உங்க மக நிக்கட்டும். யாராவது அந்த ஓட்டையைக் காட்டி என்னன்னு கேட்டா, நடந்ததைச் சொல்லட்டும்." இரண்டு எட்டு வைத்தவள் நின்று திரும்பினாள். "அடுத்த பெத்தவங்க கூட்டம் என்னிக்கு டீச்சர்?"

"வர்ற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை. மூணு மணிக்கு. லெட்டர் குடுத்து விடுவோம்."

"லெட்டர் வேண்டாம். எனக்கு அவ்வளவா வாசிக்க வராது. நாளு தெரிஞ்சாப் போதும்."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் ஜெர்லின் உட்கார்ந்தாள். பத்தமடை தாண்டும் வரை அழுதாள். அந்தோணியம்மாள் தேற்றவில்லை. தேற்றத் தெரியாமல் இல்லை, வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"இன்னும் கோவமாம்மா?"

"ஆமா."

"எம்மேலயா?"

அந்தோணியம்மாள் யோசித்தாள். டீச்சர்மேல் இருந்தது. டிக் போட்ட பேனாமேல் இருந்தது. அழகு என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்மேல்கூட இருந்தது. "உம்மேல கொஞ்சம். மிச்சமெல்லாம் எம்மேல" என்றாள்.

ஜெர்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கேட்டாள். "அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வருவியாம்மா?"

"வருவேன். அதுக்குத்தானே நாளு கேட்டேன்" என்றாள் அந்தோணியம்மாள். அவள் சொன்ன வேகத்தில் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துத் திரும்பிப் பார்த்தார்.